பஸ் எத்தனை மணிக்கு?

தமிழ்க் கதாசிரியர்களுக்குப் பஸ் செய்திருக்கும் உபகாரம் கொஞ்ச நஞ்சமல்ல. கதாநாயகன் கடைசி பஸ்ஸைத் தவறவிடுவான். கதாநாயகியும் அதே பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாள். மழை பிடித்துக்கொள்ளும். இருவரும் புளியமரத்தடியில் ஒதுங்குவார்கள். மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள் மனம் ஒன்றிவிடும். வாசகர்களுக்கும் சந்தோஷம், பத்திரிகை ஆசிரியருக்கும் சந்தோஷம்.

வாழ்க்கையில் கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை. டவுனில் ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்றபடி வேலை செய்த பெண், எட்டரை மணி பஸ் இன்றைக்கு வராது என்பதை ஒன்பதே கால் மணிக்குத் தெரிந்துகொள்கிறாள். ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து மெயின் ரோடு விலக்கில் இறங்குகிறாள். அங்கிருந்து ஊருக்கு மூன்று கிலோ மீட்டர். துணைக்குக் கைப்பேசி வெளிச்சம். இப்படி நாலு நாள் நடந்தால், ஐந்தாம் நாள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "போதும் அம்மா, வேலைக்குப் போனது" என்பார்கள். ஒரு குடும்பத்தின் வருமானம் அதோடு நின்றது. அதற்குக் காரணம் பஸ் என்று எந்த ரிஜிஸ்தரிலும் எழுதப்படுவதில்லை.

கிராமத்துக்குப் பஸ் விட்டிருக்கிறோம் என்று சர்க்கார் சொல்வதில் பொய் இல்லை. தமிழ்நாட்டில் தார் ரோடும் பஸ்ஸும் எட்டிப் பார்த்திருக்கும் கிராமங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், இந்தியாவின் பல மாநிலங்கள் பொறாமைப்படும். என் சண்டை பஸ் இல்லை என்பதைப் பற்றியதல்ல. இருக்கிற பஸ் யாருடைய கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிறது என்பதைப் பற்றியது.

ஒரு கிராமத்துக்கு நாளைக்கு நாலு டிரிப் என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறரை, பத்தே முக்கால், மாலை மூன்றரை, இரவு எட்டரை. காகிதத்தில் பார்த்தால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு ஆரம்பம். பையன் ஆறரை பஸ்ஸில் போனால் பூட்டிய கேட்டுக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும். பத்தே முக்காலுக்குப் போனால் வாசலில் நிற்க வேண்டும். சாயங்காலம் நாலே காலுக்குப் பள்ளிக்கூடம் விடும்போது மூன்றரை மணி பஸ் ஊர் போய்ச் சேர்ந்து திரும்பியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவிக்கோ, பத்தே முக்கால் பஸ் போய்ச் சேருவதற்குள் வெளிநோயாளிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலை மூடிவிடுவார்கள். டிப்போவின் கணக்கில் நாலு டிரிப். பையன் கணக்கிலும் கிழவியின் கணக்கிலும் பூஜ்யம்.

இந்த நேரங்களை யார் வகுத்தது? டிரைவர், கண்டக்டர் டியூட்டி மாறும் நேரம், டிப்போவில் டீசல் போடும் நேரம், மற்றொரு லாபமான ரூட்டில் ஓடிவிட்டு வண்டி ஓய்வாக இருக்கும் நேரம் - இவையெல்லாம் சேர்ந்து வகுத்தன. முன்பு பல ஊர்களில் ஹால்ட் பஸ் என்று ஒன்று இருந்தது. ராத்திரி கடைசி டிரிப் வந்த வண்டி ஊரிலேயே நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். விடிகாலையில் பூக்கூடையும் காய்கறி மூட்டையும் ஏறும், ஊரே ஏறும். அந்த வண்டியை நிறுத்திய ஊர்களில், முதல் பஸ் டிப்போவிலிருந்து காலியாகப் புறப்பட்டு வந்து சேர்வதற்குள் சந்தையில் பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது.

அப்புறம் முகூர்த்த நாள் வரும், திருவிழா வரும், தொடர் விடுமுறை வரும். "சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும்" என்று பத்திரிகையில் செய்தி வரும். அந்தச் சிறப்புப் பேருந்துகள் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. கிராமத்து ரூட்டிலிருந்து இரண்டு வண்டியைக் கழற்றி எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது டிப்போவுக்குத் தெரியும். திருச்செந்தூருக்குச் சிறப்பு, ஏதோ ஒரு குக்கிராமத்துக்கு 'கட்'.

இதைக் கேட்டால் உத்தியோகஸ்தர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "கலெக்ஷன் இல்லை, சார்." வராத நேரத்தில் வந்து, வரவேண்டிய நேரத்தில் வராமலிருக்கும் பஸ்ஸுக்குக் கலெக்ஷன் எங்கிருந்து வரும்? முதலில் ஒரு டிரிப்பைக் குறைக்கிறார்கள். நம்பிக்கை இழந்த நாலு பேர் வேறு வழி தேடிக்கொள்கிறார்கள். கலெக்ஷன் குறைகிறது. குறைந்த கலெக்ஷனைக் காட்டி இன்னொரு டிரிப்பைக் குறைக்கிறார்கள். பட்டினி போட்டுவிட்டு, "பாருங்கள், இவனுக்குப் பசியே எடுப்பதில்லை" என்று வைத்தியர் சொல்வதைப் போல இருக்கிறது!

பஸ்களை எதற்காகத் தேசியமயமாக்கினோம் என்பதையும் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1972-ல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று மூவேந்தர்களும் பல்லவரும் பஸ் ஓட்டக் கிளம்பினார்கள். லாபம் வரும் ரூட்டின் பணத்தைக் கொண்டு லாபம் வராத ரூட்டையும் நடத்தலாம் என்பது அன்று சொன்ன நியாயங்களில் முக்கியமானது. 1997-ல் வேந்தர்கள், தலைவர்கள் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயர் எழுதினார்கள். பெயரை அழிக்கலாம், அந்த நியாயத்தையும் சேர்த்து அழிக்க யாருக்கும் அதிகாரம் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. கிராமத்து ரூட் நஷ்டம் என்று தனியாகக் கூட்டிப் பார்ப்பதானால், ஆரம்பப் பள்ளியையும் தெருவிளக்கையும்கூட அப்படிக் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

2021 மே மாதம், சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் வந்தது. மனதாரப் பாராட்ட வேண்டிய காரியம். வேலைக்குப் போகும் ஏழைப் பெண்ணின் கையில் மாதம் சில நூறு ரூபாய் மிச்சப்படுவது சின்ன விஷயமல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச பஸ் பாஸ் கொடுக்கிறார்கள். ஆனால் இலவசம் என்பது ஓடுகிற பஸ்ஸில்தான். வராத பஸ்ஸில் ராஜாவுக்கும் இலவசம்தான், ஆண்டிக்கும் இலவசம்தான்! நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நிற்பதைக் கண்டு தள்ளிப்போய் நிறுத்துகிற அல்லது நிறுத்தாமலே போகிற டிரைவர்களைப் பற்றிய புகாரை ஊருக்கு ஊர் கேட்கலாம். அந்தப் பெண்களின் டிக்கெட்டுக்குச் சர்க்கார் ஈடுகட்டிப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்துதான் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பிச்சைக்கு ஏறியவர்கள் அல்ல.

"இப்போது யார் சார் பஸ்ஸை எதிர்பார்க்கிறார்கள்? எல்லாரிடமும் பைக் இருக்கிறது" என்பது இரண்டாவது பதில். வீட்டுக்கு ஒரு பைக் இருக்கிறது, வாஸ்தவம். அதை எடுத்துக்கொண்டு காலையில் போகிறவர் வீட்டு ஆண்பிள்ளை. மனைவி, மகள், தாயார் மூவரும் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். அந்த பைக்கையும் ஆசைப்பட்டு வாங்கினவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் பஸ்ஸை நம்பிக் கெட்டு, மாதத் தவணைக்கு வாங்கியவர்கள்.

இதில் மத்தியதர வர்க்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கிராமத்துப் பஸ்ஸில் முன்பு வாத்தியார் வந்தார், கர்ணம் வந்தார், தபால்காரர் வந்தார். பஸ் கால்மணி தாமதித்தால் டிப்போ மானேஜருக்குக் காகிதம் எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள். வாத்தியார் இன்று டவுனில் குடியிருந்துகொண்டு ஸ்கூட்டரில் வருகிறார். ஆக, பஸ்ஸில் மிஞ்சியிருப்பது சத்தம் போடத் தெரியாத கூட்டம். குரல் உள்ளவர்கள் இறங்கிப்போன வண்டியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ரேஷன் கடைக்கும் தர்ம ஆஸ்பத்திரிக்கும் நேர்ந்தது இதுவேதான்.

மினி பஸ் இருக்கிறதே என்பார்கள். 1997-ல் அந்தத் திட்டம் வந்தபோது, மொத்தப் பாதை 20 கிலோ மீட்டர், அதில் ஏற்கெனவே பஸ் ஓடும் ரோட்டில் 4 கிலோ மீட்டருக்கு மேல் ஓடக்கூடாது என்று விதி போட்டார்கள். பெரிய பஸ்ஸுக்குப் போட்டி வரக்கூடாதாம். ஆஸ்பத்திரியும் கல்லூரியும் இந்த நாலு கிலோ மீட்டருக்குள் வந்து நிற்குமா? பல வண்டிகள் ஓட்டம் நின்றுபோனதில் ஆச்சரியமில்லை. 2025-ல் தொடங்கிய புதிய திட்டத்தில் பாதையை 25 கிலோ மீட்டர் வரை நீட்டினார்கள். நல்லதே. ஆனால் கிலோ மீட்டரை அளந்த கை, மணியையும் அளக்க வேண்டும்.

இது நடக்காத காரியமா? மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் பஸ்களைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொண்டார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ரோட்டில் விழுந்து கிடக்கும் லாட ஆணிகளால் டயர் பஞ்சராகி நேரம் தவறக் கூடாதென்று, காந்தம் பொருத்திய வண்டியை விட்டு ஆணி பொறுக்கினார்களாம். கப்பி ரோட்டுக் காலத்தில் அந்தச் சிரத்தை! ஸ்விட்ஸர்லாந்தில் 1982 முதல் நாடு முழுவதும் ரயில்கள் மணிக்கு மணி ஒரே நிமிஷத்தில் புறப்படும்படி அட்டவணை போட்டார்கள். மலைக் கிராமத்துக்குப் போகும் மஞ்சள் நிறத் தபால் பஸ், ரயில் வருவதை அனுசரித்துப் புறப்படுகிறது. இங்கேயோ கிராமத்து டவுன் பஸ் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது, கல்லூரிக்குப் போகும் பஸ் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியேறுகிறது.

புதுச் சட்டம்கூட வேண்டாம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 72-வது பிரிவை எடுத்துப் பார்க்கட்டும். அங்கீகரித்த கால அட்டவணையைப் பஸ்ஸிலும் நிறுத்தங்களிலும் வைக்க வேண்டும், அதிலிருந்து இவ்வளவுக்குமேல் விலகக் கூடாது என்று பர்மிட்டில் நிபந்தனை போடலாமென்று அதில் இருக்கிறது. எத்தனை கிராமத்து நிறுத்தங்களில் அட்டவணையைப் பார்த்திருக்கிறீர்கள்? நிழற்குடை கட்டிக்கொடுத்த பிரமுகரின் பெயரை எட்டு அங்குல எழுத்தில் பார்த்திருப்பீர்கள். பஸ் வரும் நேரத்தை எழுத அந்தச் சுவரில் இடமில்லாமல் போய்விட்டது.

நான் கேட்பது கொஞ்சம்தான். நிறுத்தத்துச் சுவரில் நேரத்தை எழுதுங்கள். வராவிட்டால் யாரிடம் கேட்பது என்பதையும் எழுதுங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை விடும் நேரம் ஆகியவற்றைப் பார்த்து டிரிப்பை வகுங்கள். ஆறு டிரிப் தர முடியாவிட்டால் மூன்று தாருங்கள். மூன்றையும் தவறாமல் தாருங்கள். எந்தத் திருவிழா வந்தாலும் காலை முதல் டிரிப்பிலும் இரவு கடைசி டிரிப்பிலும் கை வைக்காதீர்கள்.

கிராமத்தாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, ஒரு மாதத்தில் எந்தெந்தத் தேதியில் எந்த டிரிப் வரவில்லை என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லி எடுத்துப் போங்கள். காத்திருந்த நேரம் அவர்களுக்குத்தான் நிமிஷக் கணக்காகத் தெரியும். அந்த நோட்டை வாசித்துவிட்டுத் தீர்மானம் போடுங்கள். "கலெக்ஷன் இல்லை" என்பவரிடம் அந்த நோட்டைக் காட்டி, "இது எங்கள் கணக்கு, ஐயா, இதற்கும் பதில் எழுதுங்கள்" என்று கேளுங்கள்.