நட்சத்திரம் எண்ணும் வாசகர்கள்

கவாபட்டாவின் ‘பனி தேசம்’ குறித்து விடிய விடியப் பேசும் நாம், ஜப்பானுக்குப் பயணம் என்றதும் வேறு மனிதர்களாகிவிடுகிறோம். முன்பதிவுத் தளத்தைத் திறந்து, மலிவானதை மேலே வரச்செய்து, நட்சத்திரங்களை எண்ணத் தொடங்குகிறோம். அந்நாவலை எழுதிய 1930களில் கவாபட்டா தங்கியது யுசாவா ஊரின் தகாஹான் என்னும் ரியோகானில். கட்டடம் மாறிவிட்டபோதிலும் அவர் தங்கிய அறையை இன்றும் அவ்விடுதி பேணி வருகிறது. அத்தகைய மரபைத் தேடிச் செல்வதாகச் சொல்லிக்கொள்பவர்கள், ‘கட்டில் இல்லை, ஆகவே இரண்டு நட்சத்திரம்’ என்று விமர்சனம் எழுதுவதை என்னவென்பது?

ரியோகான் அறையை மட்டும் விற்பதில்லை. பெரும்பாலும் அங்கே கட்டணம் தலைக்கு இவ்வளவு என்பதுதான். இரவுணவும் காலையுணவும் அதில் அடக்கம். அறைக்கு மட்டும் விலை சொல்லும் நகரத்து விடுதியோடு அதை ஒரே பட்டியலில் ஒப்பிடுவது, கல்யாணச் சாப்பாட்டின் விலையை வெறும் இலையின் விலையோடு ஒப்பிடுவதற்குச் சமம்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றுண்டு. ஒரே இரவுக்கு மூன்று விடுதிகளில் பதிந்துவைத்து, கடைசி நேரத்தில் இரண்டைக் கைவிடுவது. ‘தளம் அனுமதிக்கிறது, பிறகென்ன?’ என்கிறார்கள் நண்பர்கள். பத்து அறைகள் மட்டுமே உள்ள மலையூர் விடுதியில், வரும் ஆட்களை எண்ணித்தான் மீன் வாங்குகிறார்கள். நாம் விட்டுச்சென்ற தட்டுக்குரிய பணத்தைத் தளம் தருவதில்லை. அனுமதி இருப்பதாலேயே ஒரு செயல் நேர்மையாகிவிடாது.

சைவ உணவுக்காரர்களுக்கும் ஒரு சொல். ஜப்பானியச் சமையலின் அடிப்படையான தாஷி என்னும் சாறு, பெரும்பாலும் காய்ந்த கட்சுவோ மீன் சீவலிலிருந்து எடுக்கப்படுவது. காய்கறி வேகவைத்த நீரிலும் அது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது இதைச் சொல்லிப் பயனில்லை. பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்க வேண்டும். ‘எங்களால் இயலாது’ என்று பதில் வந்தால் அது அவமதிப்பன்று, நேர்மை. மீனும் இறைச்சியும் சேர்க்காத உணவு வேண்டுமெனில் கோயாசான் மலையில் தங்குமிடம் தரும் கோயில்கள் ஏறத்தாழ ஐம்பது இருக்கின்றன.

விடுதிக்காரர்கள் குற்றமற்றவர்கள் என்று நாம் வாதிடவில்லை. தனியாக வருபவரை ஏற்கத் தயங்கும் ரியோகான்கள் உண்டு. ஜப்பானிய மொழியில் தொலைபேசினால் மட்டுமே இடம் தருபவையும் உண்டு. இவை கண்டிக்கத்தக்கவையே. ஆனால் அவர்களின் குறை நம் அலட்சியத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

முன்பதிவு என்பது சரக்கு வாங்குவதன்று; இன்ன நாளில், இன்ன நேரத்துக்குள், பசியோடு வருவோம் என்று முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுக்கும் வாக்கு. அதைக் காப்பாற்ற இயலாதவர்கள் ரயில் நிலையத்தருகே ஏதேனும் ஒரு ஹோட்டலில் தங்கட்டும். அதில் இழிவேதும் இல்லை.