கந்தகம் காத்த மருந்து

எஸ்.எம்.ஏ. என்ற தசைச்சிதைவு நோய் கடுமையாகத் தாக்கிய குழந்தைக்குத் தலைகூட நிற்காது. மூச்சுக்கருவி இல்லாமல் இரண்டு வயதைத் தாண்டுவதே அரிது. தசையை இயக்கும் நரம்புகளுக்கு வேண்டிய புரதத்தைத் தரும் மரபணு பழுது. அதன் ‘ஸ்டெப்னி’ போல இன்னொன்று உண்டு. ஆனால், அது அனுப்பும் ஆர்.என்.ஏ. செய்தியில் ஒரு துண்டு விடுபட்டுவிடும்.

அதை விடாமல் சேர்க்க வைக்கும் 18 எழுத்துத் துணுக்கை அமெரிக்காவில் ஏட்ரியன் கிரெய்னரும் ஃபிராங்க் பென்னட்டும் தங்கள் குழுக்களோடு உருவாக்கினார்கள். சாதாரணத் துணுக்கென்றால் உடம்பின் நொதிகள் சட்டென்று நறுக்கிவிடுமே! அதனால் எழுத்துகளைக் கோக்கும் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம். சர்க்கரைப் பகுதியிலும் சின்ன ஒட்டு. நொதியின் பல் பதியவில்லை. முதல் சில ஊசிகளுக்குப் பிறகு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை முதுகுத்தண்டில் போட்டால் போதும்.

2016 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த ‘ஸ்பின்ராசா’ இதுதான். சோதனையில் சில குழந்தைகள் தாங்களாகவே உட்கார்ந்தார்கள். அறிமுக விலை, முதல் ஆண்டுக்கு மட்டும் ஏழரை லட்சம் டாலர்!