வளவுக்குள் வராத கதை

தமிழ்ப் படங்களில் செட்டிநாட்டு வீட்டை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். பண்ணையாரின் வீடாக, ஜமீன்தாரின் மாளிகையாக, ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைமை தாங்குபவரின் இல்லமாக, சில சமயம் பேய் உலவும் பங்களாவாக. அதைக் கட்டிய வணிகரின் வீடாகப் பார்த்தது மிக அரிது. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் படப்பிடிப்புக்குத் திட்டமிடுகிறவர்கள் முகப்பை, தூண்களை, வெளிச்சம் விழும் முற்றத்தை, ஆத்தங்குடிக் கற்களின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டின் கதையை மட்டும் வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். இது அழகியல் குறை மட்டுமல்ல என்பதே நம் கட்சி.

அந்த வீடு எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்று பார்ப்போம். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார், அங்கு ஈட்டிய பொருளைக் கொண்டு மழை குறைந்த வறண்ட மண்ணில் எழுப்பிய வீடுகள் இவை. மரம் பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம். முகப்பில் ஆண்களின் வரவேற்பும் வணிகமும், நடுவே வளவு, அதற்கும் பின்னே இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. வளவைச் சுற்றிலும் வரிசையாக அறைகள். மகனுக்குத் திருமணமானதும் அவனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' அங்கே வழக்கம். அவர்களுக்கென்று வளவில் ஓர் அறை, அவர்களுக்கென்று தனி அடுப்பு, தனிக் கணக்கு. அப்படித் தனியாகும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கூரை ஒன்று, உலைகள் பல.

நம் படங்கள் அந்த வளவில் என்ன செய்கின்றன? ஐம்பது பேரை ஒரே பந்தியில் உட்கார வைத்து, ஒரே சமையலறையிலிருந்து பரிமாறி, 'கூட்டுக் குடும்பத்தின் பெருமை' என்கின்றன. பந்தி திருமணத்துக்கும் விசேஷத்துக்கும் உண்டு, அன்றாடத்துக்கு இல்லை. ஒன்றாக இருந்துகொண்டே தனித்தனியாக வாழ்வது எப்படி என்பதற்கு அந்தச் சமூகம் கண்ட விடைதான் வளவு. கணவன் ஆண்டுக்கணக்கில் கடலுக்கு அப்பால் இருக்க, தன் புள்ளியின் வரவு செலவைத் தானே நடத்திய ஆச்சிகள் அங்கே இருந்தார்கள். ஒரு நல்ல திரைக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஜேன் ஆஸ்டினின் நாவலைத் தழுவிய அந்தப் படம் செட்டிநாட்டு மாளிகையை வெகு அழகாகக் காட்டியது. உயிலால் வீட்டை இழந்து ஒரு தாயும் மகள்களும் சென்னைக்கு வருகிறார்கள். சொத்து முழுவதும் ஒருவர் கைக்குப் போய்விடுவது ஆஸ்டினின் இங்கிலாந்தின் துயரம். செட்டிநாட்டின் துயரம் இதற்கு நேர்மாறானது. ஆண்வழிப் பங்காளிகள் அனைவருக்கும் வீடு பொது. நான்கு தலைமுறையில் பங்குகள் பெருகி, உரிமையாளர்கள் உலகெங்கும் சிதறி, ஒரு கை ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும் என்ற நிலை. எல்லோருக்கும் சொந்தமானது யாருடைய பொறுப்புமல்லாமல் போகிறது. படம் நல்ல படம்தான். ஆனால் வீடு தன் சொந்தத் துயரத்தைச் சொல்ல அங்கே இடமில்லை.

வெளியிலிருந்து வந்த கதையை ஓர் இடத்தில் நடுவது தவறில்லை. எப்படி நடுகிறோம் என்பதே கேள்வி. மத்தியதரைக் கடல் தீவுகளில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அந்தோனியோ ஸ்கார்மேத்தாவின் நாவல் சிலி நாட்டுக் கடற்கரையில் நிகழ்வது. அதை 'இல் போஸ்தீனோ' (1994) என்ற படமாக்கியவர்கள் கதையை இத்தாலியத் தீவு ஒன்றுக்கு மாற்றி, ப்ரோசிதா, சலீனா தீவுகளில் படம் பிடித்தார்கள். தீவின் குடிநீர்ப் பஞ்சம் கதைக்குள் வந்தது. தண்ணீர் கொண்டுவருவதாகத் தேர்தலில் வாக்களிக்கும் அரசியல்வாதி வந்தான். ஊரைவிட்டுப் போய்விட்ட கவிஞர் நெரூதாவுக்காகத் தபால்காரன் அலைகளின், காற்றின், தன் தந்தையின் வலைகளின் ஒலியைப் பதிவு செய்கிறான். அந்தக் காட்சியில் தீவு பின்னணியாக நிற்காமல் தானே பேசுகிறது. செட்டிநாட்டின் வளவுக்கு அப்படியொரு வாய் திறப்பு இன்னும் கிடைக்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், படத்தொழிலுக்குச் செட்டிநாடு அந்நிய இடமே அல்ல. போர்க்கால நெருக்கடிகளையடுத்து ஏ.வி. மெய்யப்பன் தம் ஸ்டூடியோவைக் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில்தான் அமைத்தார். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே உருவான படம். 1948இல் ஏவி.எம். கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 1959இல் 'சிவகங்கைச் சீமை'யைத் தயாரித்தார். பணமும் பாட்டும் இங்கிருந்து போயின. திரும்பி வந்தது காமிரா மட்டுமே, அதுவும் விருந்தாளியாக.

படப்பிடிப்பைத் திட்டமிடுவது பற்றிப் பாடம் சொல்லவும் இந்த மண்ணிலேயே ஒருவர் உண்டு. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் தோன்றியது. முப்பது ஆண்டுகளில் பலர் எடுத்துவைத்திருந்த படச்சுருள்களைத் தேடி அவர் உலகம் சுற்றினார். படம் 1940இல் வெளிவந்தது. தேடிச் சேர்ப்பதே அவர் திட்டத்தின் பெரும்பகுதி. இன்று வீட்டைப் பார்க்க வருபவர்கள் அரை நாளில் கோணங்களைக் குறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

படப்பிடிப்பால் ஊருக்கு வருமானமில்லையா என்று கேட்கலாம். உண்டு. வாடகை வருகிறது, சமையற்காரருக்கும் வண்டியோட்டிக்கும் தங்குமிடம் நடத்துபவருக்கும் வேலை கிடைக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்த வாடகை பங்காளிகளிடையே பிரிந்து சிறுதொகைகளாகக் கரைகிறது. ஒழுகும் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கிறது. முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் ஓர் ஆணி இறங்கினால் அதைப் பழைய மெருகுக்குக் கொண்டுவரக்கூடிய கைகள் இன்று மிகச் சில. கடைசியில் வீடு இடிபட்டு, தூணும் நிலையும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன.

ஆகவே நாம் மூன்று காரியங்களை வேண்டுகிறோம். ஒன்று, ஒப்பந்தத்திலேயே வாடகையின் ஒரு பகுதியைப் பங்கு பிரிப்பதற்கு முன் பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்க வேண்டும். டிராலித் தண்டவாளம் எங்கே போடலாம், எங்கே கூடாது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். இரண்டு, வீட்டுக்குள் எடுத்த காட்சிகளில் படத்தில் சேராதவற்றின் பிரதி ஒன்றை ஊரிலேயே விட்டுச்செல்ல வேண்டும். நாளை அந்த வீடு நிற்காமல் போனால், அது இருந்த விதத்துக்கு அதுவே சாட்சி. மூன்று, கலை இயக்குநர் வருவதற்கு முன் கதை எழுதுபவர் வர வேண்டும். ஒரு வாரம் தங்கி, வளவின் எந்த அறை யாருடையது, எந்த அடுப்பு எப்போது அணைந்தது என்று அங்கிருக்கும் ஆச்சியிடம் கேட்க வேண்டும்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல்கள் தம் வேகத்தில்தான் நகரும். மண்வெட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த வீடுகளுக்குள் அடிக்கடி நுழைகிறவர்கள் படக்காரர்களே. கேட்க வேண்டியவற்றைக் கேட்பதற்கு இன்னும் சில ஆச்சிகள் இருக்கிறார்கள். அவர்கள் காத்திருக்கும் காலம் நீண்டதல்ல.