லாரி வருவதற்கு ஆறு மாதம் முன்னால்

வங்கி உத்தியோகத்தில் இருந்த 36 வருஷத்தில் நாங்கள் 11 முறை வீடு மாற்றியிருக்கிறோம். அதனால் யாராவது "வீடு மாத்தணும் சார்" என்று பேச்சை ஆரம்பித்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் இன்று எழுதப்போவது அந்த உத்தியோக மாற்றல்களைப் பற்றி அல்ல. எழுபதை நெருங்கும்போதோ தாண்டிய பிறகோ, சொந்த வீட்டிலிருந்து பிள்ளை வீட்டுக்கோ, அவர்கள் ஊரில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கோ போகிறோமே, அந்தக் கடைசி மாற்றலைப் பற்றி. அது வேறு ரகம்.

உத்தியோக மாற்றலில் கேள்வி ஒன்றுதான்: இருப்பதை எல்லாம் உடையாமல் எப்படிக் கொண்டு போய்ச் சேர்ப்பது? வயதான காலத்து மாற்றலில் கேள்வியே வேறு: எதையெல்லாம் விட்டுவிட்டுப் போவது? அதை யார் முடிவு செய்வது?

என் கட்சி இதுதான். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள். கை கால் நன்றாக இருக்கும்போதே, இரண்டு பேரும் இருக்கும்போதே, அவசரமில்லாமல் செய்ய வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது அப்படி இல்லை. அப்பா காலமாகிறார். வெளிநாட்டிலிருந்து பிள்ளை மூன்று வார லீவில் வருகிறான். காரியம் முடிந்த மறுநாளே, "அம்மாவைத் தனியாக எப்படி விடுவது?" என்ற பேச்சு வருகிறது. நியாயமான பேச்சுதான். டிக்கெட் தேதிக்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இரண்டு நாளில் நாற்பது வருஷத்துக் குடித்தனம் பாதி லாரியிலும் பாதி பழைய சாமான் கடையிலுமாகப் போய்விடுகிறது. அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று தலையாட்டிக்கொண்டிருப்பார். அந்த "சரி"க்கு அர்த்தமே கிடையாது. அந்த வாரத்தில் அவரிடம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு இப்படித்தான் நடந்தது. பிள்ளைகள் தங்கமானவர்கள். புது ஃப்ளாட்டில் புது ஃப்ரிட்ஜ், புது மிக்ஸி, ஏசி எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். அவரோ அடுப்படியில் நின்றுகொண்டு தன் அஞ்சறைப் பெட்டியைத் தேடிக்கொண்டே இருந்தார். மூடி இடுங்கிப்போன பழைய பெட்டி என்று அதை எடைக்குப் போட்டிருந்தார்கள். "அதுல கண்ணை மூடிண்டு கடுகு எடுப்பேன்" என்றார். யாரும் அவருக்குத் துரோகம் செய்யவில்லை. அவரைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

"இந்த வீட்டை விட்டு என் உடம்புதான் போகும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இருங்கள், சந்தோஷமாக இருங்கள். ஆனாலும் சாமானைக் குறைக்கும் வேலையை மட்டும் இப்போதே தொடங்கிவிடுங்கள். போகாவிட்டாலும் வீடு பெருக்கச் சுலபமாகும். போக நேர்ந்தால், எது எங்கே போக வேண்டும் என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

சரி, எப்படிச் செய்வது? எங்கள் கும்பகோணத்து வீட்டிலிருந்து சென்னைக்கு வந்தபோது நாங்கள் ஆறு மாதம் எடுத்துக்கொண்டோம். அதிலிருந்து தேறியதைச் சொல்கிறேன்.

முதல் வேலை பரண் அல்ல, டேப். போகப்போகிற இடத்தின் அறைகளை அளந்து வாருங்கள். கதவின் அகலம், லிஃப்ட் கதவின் அகலம், உயரம் எல்லாம் வேண்டும். ஒரு சார்ட் பேப்பரில் ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று அறையை வரைந்து, கட்டில், பீரோ, சோபாவை அதே அளவில் காகிதத்தில் வெட்டி வைத்துப் பாருங்கள். எதற்கு இடம் இல்லை என்று காகிதமே சொல்லிவிடும். "உன் பீரோவா, என் மேஜையா" என்ற சண்டை பாதி குறையும்.

அடுத்தது பிரிப்பது. ஒரு நாளைக்கு ஒரு அலமாரி, ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பழைய கடிதம் ஒன்று கையில் கிடைத்தால் அன்றைய வேலை அதோடு சரி என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம்: சமையலறை முழுக்க மனைவியின் தீர்ப்பு, நான் வாய் திறக்கக் கூடாது. என் காகிதங்களில் அவர் கை வைக்கக் கூடாது. தினமும் கை படுகிற பொருள், எவ்வளவு பழையதானாலும், முதலில் லாரியில் ஏறட்டும். ஐந்து வருஷமாக வெளியே எடுக்காத அண்டாவும் குண்டானும் கல்யாணத்துக்கு வந்தவையே ஆனாலும் கீழே நிற்கட்டும்.

பித்தளை, வெண்கலத்தைப் பாத்திரக்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதற்கு முன் உறவுக்காரர்களிடம், "உனக்கு எது வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள். நாம் இருக்கும்போது நம் கையால் கொடுத்தால் அது ஆசீர்வாதம். பிறகு அவர்களாகப் பிரித்துக்கொண்டால் அது பங்கு. புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பைண்டு செய்த பழைய தொடர்கதைகளையும் பழைய பதிப்புகளையும் எடைக்குப் போடுவதற்கு முன் விசாரியுங்கள். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994இல் உருவானதுதான். அரிதான புத்தகம் ஏதாவது உங்களிடம் இருந்தால், அது போன்ற இடத்தில் ஒரு போன் போட்டுக் கேட்பதில் நஷ்டம் இல்லை.

காகித வேலைக்கு இரண்டு மாதம் வேண்டும். இதில் பெரியவர்களுக்கு வரும் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. பிள்ளை வீட்டில் கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் பிள்ளை பேரில் இருக்கும். நம் பேரில் அந்த முகவரிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. 2023இலிருந்து ஆதாரில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். குடும்பத் தலைவர் என்று பிள்ளையின் ஆதார் எண்ணைக் கொடுத்து, உறவுமுறைக்கு ஆதாரம் காட்டி ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பிள்ளை 30 நாளுக்குள் தன் பக்கத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். ஆதாரில் முகவரி மாறிவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாக வழிக்கு வரும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. கேஸ் இணைப்பு வேறு ஊருக்குப் போவதானால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர்கள் தரும் வவுச்சரைப் பத்திரப்படுத்துங்கள். புது ஊரில் இணைப்பு வாங்க அது வேண்டும். எது மாறினாலும், ஆதாருக்கும் வங்கிக்கும் கொடுத்திருக்கும் மொபைல் நம்பரை மட்டும் மாற்றாதீர்கள். எல்லா ஓடிபியும் அங்கேதான் வரும்.

வங்கிக் கணக்கை அவசரமாக மாற்ற வேண்டியதில்லை. இப்போது எந்தக் கிளையிலிருந்தும் பணம் எடுக்கலாம். லாக்கர் அப்படி இல்லை. நேரில் போய்த்தான் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். போக வர முடிகிற காலத்திலேயே அதை முடித்துவிடுங்கள். பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே உயிர்வாழ் சான்று கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் வந்த பிறகு எந்த ஊரிலிருந்தும் கொடுக்க முடிகிறது. ஆனால் பிபிஓ எந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது என்று அந்த மாதம் தேடும்படி ஆகக் கூடாது.

டாக்டரையும் சொல்லாமல் விட்டுப் போகாதீர்கள். வருஷக்கணக்காக நம் உடம்பை அறிந்தவர் அவர். என்ன வியாதி, என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் லாரி வருவதற்கு முன்பே ஒரு டாக்டரைப் பார்த்து வைத்துவிடுவது உத்தமம்.

இனி லாரிக்காரர்கள். பேக்கர்ஸ் ஆட்களை வீட்டுக்கு வரவழைத்து, சாமானைக் காட்டி, தொகையை எழுத்தில் வாங்குங்கள். போனிலேயே ரொம்ப மலிவாகச் சொல்கிறவரிடம் ஜாக்கிரதை. சாமான் எல்லாம் ஏறிய பிறகு, "இன்னும் இவ்வளவு கொடுத்தால்தான் வண்டி கிளம்பும்" என்பது பழைய வித்தை. பெட்டிகளுக்கு எண் போட்ட பட்டியல் ஒன்று உங்களிடம், ஒன்று அவர்களிடம். எல்.ஆர். ரசீது இல்லாமல் வண்டியை விடாதீர்கள். இன்ஷூரன்ஸுக்கு என்று பணம் வாங்கினால் பாலிசி நகலைக் கேளுங்கள். பாக்கிப் பணம் சாமான் இறங்கி எண்ணிய பிறகு.

பெட்டியின் மேல் "வெள்ளிப் பாத்திரம்" என்று எழுதி ஊருக்குக் காட்ட வேண்டாம். எண்ணும், எந்த அறைக்கு என்பதும் போதும். உள்ளே என்ன என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜை முதல் நாளே அணைத்து, ஐஸ் உருகித் துடைத்து, நிமிர்த்தியபடியே ஏற்றச் சொல்லுங்கள். இறக்கியதும் சில மணி நேரம் சும்மா விட்டுப் பிறகு போடுங்கள். பத்திரங்கள், நகை, மருந்து, மூக்குக் கண்ணாடி, பல் செட், இன்சுலின் இவை லாரியில் போகவே கூடாது. நம் கூடவே வர வேண்டும். நல்ல நாள் பார்ப்பவர்கள் முகூர்த்தத்தில் பால் மட்டும் காய்ச்சிவிட்டு, சாமானை இரண்டு நாள் கழித்து வார நடுவில் ஏற்றலாம். முகூர்த்த நாளில் எல்லோருக்கும் லாரி வேண்டும், வாடகையும் ஏறும்.

நான் மிக முக்கியமாக நினைப்பது புது வீட்டின் முதல் ராத்திரி. பழைய வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் கால் தானாக பாத்ரூமுக்குப் போகும். புது வீட்டிலும் கால் பழைய வழியிலேயேதான் போகப் பார்க்கும். அங்கே சுவரோ, பிரிக்காத அட்டைப்பெட்டியோ இருக்கும். இந்த வயதில் ஒரு தடவை விழுந்தால் போதும். அதனால் லாரி வருவதற்கு முன்பே பாத்ரூமில் கைப்பிடி மாட்டிவிடுங்கள். கட்டிலை, பழைய வீட்டில் எந்தப் பக்கமாக இறங்குவீர்களோ அதே பக்கம் இறங்கும்படி போடுங்கள். வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வழியில் ஒரு பெட்டிகூட இருக்கக் கூடாது. மற்ற பெட்டிகளை ஒரு மாதம் கழித்துப் பிரித்தாலும் பரவாயில்லை.

பழைய வீட்டை என்ன செய்வது? முடிந்தால் ஒரு வருஷம் விற்காதீர்கள். புது இடம் ஒத்துவருமா என்று தெரிய அவ்வளவு நாளாவது வேண்டும். அதற்காகப் பூட்டியும் போடாதீர்கள். ஆள் இல்லாத வீட்டைக் கரையான் பார்த்துக்கொள்ளும். வாடகைக்கு விடுங்கள். 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். அரையாண்டு சொத்து வரி யார் கட்டுவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா போன வாரத்தில் அம்மாவின் வீட்டைக் காலி செய்யாதீர்கள். வேண்டுமானால் அம்மாவை உங்களோடு அழைத்துப் போங்கள். வீடு பூட்டியபடி நாலு மாதம் இருக்கட்டும், ஒன்றும் முழுகிப்போகாது. பிறகு ஒரு தடவை அவரையே கூட்டிவந்து, ஒவ்வொரு அலமாரியாக அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். லீவு கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் பெற்றோர்களான நம்மிடம் முதலில் சொல்கிறேன். அவர்களுக்கு அந்த வேலையை வைக்காதீர்கள். நாளைக்குக் காலை காபி குடித்த பிறகு ஒரே ஒரு அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒரு மணி நேரம் போதும்.