மூவலூர் அம்மையாரின் நாவல்

நம் தஞ்சை ஜில்லாவில் நஞ்சையை விற்றுத் தாசி வீட்டில் தொலைத்த மைனர்களுக்குக் குறைவில்லை. பழி மட்டும் தாசியின் தலையில்! மாயவரத்தையடுத்த மூவலூரில், அந்தத் தாசி குலத்திலேயே வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் (1883–1962), 1936-ல் "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்" என்ற நாவலை வெளியிட்டார். தலைப்பைக் கண்டு இது தாசிகளை ஏசும் புஸ்தகமென்று எண்ணுவோர் படித்துப் பார்க்கட்டும். பொட்டுக்கட்டும் வழக்கம், அதற்குத் துணைநின்ற வைதீகம், மைனரின் மடமை எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. கேட்டு எழுதியதல்ல, உள்ளேயிருந்து கண்டு எழுதியது.

சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டைத் தடுத்த சட்டம் 1947-ல்தான் வந்தது. அம்மையார் பேரால் 1989-ல் ஏழைப் பெண்களுக்குக் கல்யாண உதவித் திட்டம் ஏற்பட்டு, 2022-ல் மேற்படிப்பு உதவியாக மாறியது; நல்ல மாற்றமே. ஆனால் பேரை அறிந்தவர்களில் புஸ்தகத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? வாசகசாலை நடத்தும் தோழர்கள் ஒரு பிரதியாவது வாங்கி வைப்பார்களா?