அச்சுப்பொறியும் நம் அச்சமும்

1578ஆம் ஆண்டிலேயே கேரளத்துக் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் அச்சேறக் கண்ட மொழி, நம் தமிழ்மொழி. அன்று அரிதாயிருந்த அச்சு, இன்று நம் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. வந்ததைப் பயன்படுத்துகிறோமா என்பதே நம் வினா.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, பள்ளிக் கதவுகள் அடைபட்டிருந்தன. பயிற்சித் தாள்கள் கைப்பேசி வழியே வீடு வந்தன. சின்னஞ்சிறு திரையை உற்றுநோக்கிக் கண் கலங்க எழுதிய பிள்ளைகளைக் கண்டு நாம் வருந்தினோம். பின்னர்க் கூட்டுப் பணம் எடுத்தேனும் அச்சுப்பொறி வாங்கிய பெற்றோர் உண்டு. ஆயினும், அப்பொறிகளுள் சில இன்று துணி போர்த்தியபடி மூலையில் உறங்குகின்றன. பிள்ளைகளோ ஒவ்வொரு தாளுக்கும் பட்டணத்துப் போட்டோஸ்டேட் கடைக்கு ஓடுகின்றனர். இதற்குக் காரணம் வறுமையன்று. அச்சமே என்பது எங்கள் கருத்து.

எங்கள் இல்லத்திலும் இந்நிலை நேர்ந்தது. கம்பியில்லா இணைப்பு எத்தனை முறை முயன்றும் அமையவில்லை. பொறி பழுதென்று முடிவுகட்டிக் கடைக்குத் தூக்கிச் செல்லவும் துணிந்தோம். குறையைக் கண்டவள், ஐந்தாம் ஆண்டில் பயிலும் எங்கள் மகளே. எங்கள் வைஃபைப் பெட்டி இரு அலைவரிசைகளில் இயங்குவது: ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். விலை குறைந்த அச்சுப்பொறிகள் பல முன்னதை மட்டுமே அறியும். நாங்களோ பின்னதன் பெயரைக் கொடுத்துவிட்டுப் பொறியைப் பழித்தோம்! பெயரை மாற்றியதும் தாள் வெளிவந்தது.

வேறு சில செய்திகளையும் மனத்திற்கொள்ளல் நலம். கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. அச்சிடும் கைப்பேசியும் அதே வீட்டு வைஃபையில் இருத்தல் வேண்டும். கைப்பேசியின் சொந்த இணையம் இதற்கு உதவாது. மின்தடைக்குப் பின் பொறி ‘காணாமற்போவதும்’ உண்டு. வைஃபைப் பெட்டி அதற்கு வேறோர் எண்முகவரி அளித்திருக்கக்கூடும். கைப்பேசியின் பட்டியலிலிருந்து பொறியை நீக்கி மீண்டும் சேர்த்தால், பெரும்பாலும் குறை தீரும். இவற்றுள் எதுவும் பால்வெட்டைக் காட்டிலும் கடினமானதன்று. மரத்திற்குக் காயம் படாமல் பட்டை சீவக் கற்ற கைகளுக்கு ஒரு பொத்தானா பெரிது?

“எல்லாம் பிள்ளை பார்த்துக்கொள்வான்” என்று ஒதுங்குவோரும் உளர். அஃது ஏற்புடையதன்று. அப்பிள்ளை நாளை விடுதிப் பள்ளிக்குச் சென்றால், தம்பி தங்கையர்க்கு யார் துணை? மேலும், தெரியாததைத் தெரியாதென ஒப்பி, மகளருகே அமர்ந்து கற்கும் தந்தையைக் காணும் குழந்தை, கற்பதற்கு வெட்கம் வேண்டா என்னும் பாடத்தையும் சேர்த்தே கற்கிறது. அது எந்தப் பயிற்சித் தாளிலும் இல்லாத பாடம்.

ஆதலின், அன்புப் பெற்றோர்களே, இவ்விடுமுறையிலேயே அத்துணியை நீக்குங்கள். மாணவச் செல்வங்களே, பொறுமையோடு பெற்றோர்க்குக் கற்பியுங்கள். மை இருக்கும்போது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் நான்கு தாள் அச்சிட்டுக் கொடுங்கள். பொறி வாங்கியதன் பயன் அப்போதே நிறைவுறும்.