மூலப் படத்தைச் சிறுக்க வைக்காதீர்

கிழக்கே கடலையும் மேற்கே மட்டக்களப்பு வாவியையும் எல்லையாகக் கொண்டு, வெற்றிலைச் செய்கையாலும் சுயம்புலிங்கப் பிள்ளையார் ஆலயத்தாலும் பெயர்பெற்று விளங்கும் களுதாவளையில், ஒரு மகோற்சவ காலத்தில் இன்று எடுக்கப்படும் புகைப்படங்களின் தொகை, அரை நூற்றாண்டுக்கு முன்னர் அவ்வூரார் ஓர் ஆயுளில் எடுப்பித்தவற்றை விஞ்சும் என்று ஊகிப்பதில் பிழையிராது. அவ்வாறிருந்தும், சில வருஷங்கள் கழித்து ஒரு கும்பாபிஷேக மலரின் அட்டைக்கு உகந்த படத்தைத் தேடப் புகுந்தால், அகப்படுபவை பெரும்பாலும் கைத்தொலைபேசித் திரைக்கு மட்டுமே பொருந்தும் சிற்றுருவங்களே. கமெராவின்மேல் பழியைப் போடுவது எளிது. என் அபிப்பிராயத்தில் குற்றம் கமெராவினுடையதன்று, படத்தைக் கணினிக்குள் கொண்டுவந்த கணத்திலேயே அதனைச் சிறுக்க வைக்கும் பழக்கத்தினுடையது.

சாதாரணமான ஒரு கமெரா 6000க்கு 4000 என்ற அளவில், அதாவது 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகளாக, ஒரு காட்சியைப் பதிவுசெய்கிறது. அதனை 1920க்கு 1080 என்ற வீடியோச் சட்டத்துக்குள் முழுமையாக அடங்கும்படி சுருக்கினால் 1620க்கு 1080 ஆகிறது; எஞ்சுவது ஏறத்தாழப் பதினேழரை இலட்சம் புள்ளிகள், பதினான்கில் ஒரு பங்கு. அதன் பின்னர் கொடிமரத்தின் உச்சியையோ, அடியார் கூட்டத்தில் நின்ற ஒரு முதியவரின் முகத்தையோ நெருங்கிக் காட்ட விரும்பினால், மென்பொருளானது இல்லாத புள்ளிகளை அயலிலுள்ளவற்றைக் கொண்டு அனுமானித்து நிரப்புமேயன்றி, போனவற்றை மீட்டுத் தராது. விதைநெல்லை அவித்து மூட்டை கட்டிவிட்டு, மாரி பிறந்தபின் படுவான்கரை வயலில் போய் நிற்பவனுடைய நிலை இது.

மென்பொருள்கள் இவ்விஷயத்தில் ஒரே தன்மையன அல்ல. அடோபி பிரீமியரின் பல பதிப்புகளில் ‘ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்’, ‘செட் டு ஃபிரேம் சைஸ்’ என்று பெயரளவில் நெருங்கிய இரு கட்டளைகள் உள்ளன. முன்னது படத்தைச் சட்டத்தின் அளவுக்கே மறுவார்ப்புச் செய்துவிட, பின்னது முழுப் படத்தையும் வைத்துக்கொண்டு அது தோன்றும் விகிதத்தை மாத்திரம் மாற்றுகிறது. முதற்பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால், பெரிதாக்கும் வேளையில்தான் பேதம் புலனாகும். போட்டோஷொப்பில் ‘பிளேஸ்’ செய்த படம் கன்வஸுக்கு ஏற்பச் சிறுத்துக் காணப்பட்டாலும், ஸ்மார்ட் ஒப்ஜெக்டாக இருக்கும்வரை மூலம் உள்ளே பத்திரமாயிருக்கும். ராஸ்டரைஸ் செய்த மாத்திரத்தில் அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும். இவையெல்லாம் வேலைக் கோப்புக்குள் நிகழ்பவையாதலால், தனியே வைத்த மூலக் கோப்பாவது தப்பியிருக்கும். மூலத்தையே திறந்து, அளவைக் குறைத்து, அதே பெயரில் சேமிப்பவருக்கோ எந்த மென்பொருளாலும் உபகாரம் செய்ய இயலாது.

இந்நஷ்டம் மிகக் கொடுமையாக வெளிப்படுவது மரண வீடுகளிலேதான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை, கிழக்குக் கரையோரத்தில் வீடுகளோடு குடும்ப அல்பங்களையும் வாரிச் சென்றது. யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்தோர் விட்டுவந்தவை தனிக் கணக்கு. ஆதலால், தந்தையின் அல்லது பாட்டியின் நினைவாக ஒரேயொரு பழம்படத்தை மாத்திரம் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கு பல. அதனைத் தொலைபேசியால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் தன் வழக்கப்படி சுருக்குகிறது. கடைக்காரர் அதையே பதாகையின் அளவுக்கு இழுக்கிறார். சந்தியில் கட்டிய கண்ணீர் அஞ்சலியில் அம்மனிதரின் முகம் அவருடைய மக்களுக்கே அடையாளம் தெரியாதவாறு கலங்கிப் போகிறது. நான்கு அடி அகலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற குறைந்த கணக்கின்படியே, அகலத்தில் 3456 புள்ளிகள் வேண்டும். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் பழம்படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 4200க்கு 6000 கிடைக்கும், அதுவே தாராளம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானாலும், ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு மாறாமல் சென்றடையும்.

கணினி தாங்காது, இடம் போதாது என்று ஸ்டூடியோக்காரர் சமாதானம் சொல்வது இயல்பு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. நூற்றுக்கணக்கான பெரும்படங்களை அடுக்கினால் பழைய கணினி திணறத்தான் செய்யும். ஆயின், சிறிய பிரதிகளை வேறொரு கோப்புறையில் வைத்து அவற்றில் வேலை செய்வதை யார் தடுத்தார்கள்? காணொளித் தொகுப்பில் ‘புரொக்ஸி’ என்ற பெயரில் இம்முறையே வழங்குகிறது: வெட்டுவதும் ஒட்டுவதும் சிறு பிரதியில் நடக்க, இறுதி வெளியீடு மூலத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இடத்தைப் பற்றியோ சொல்லவேண்டியதில்லை. படம் ஒன்றுக்கு 10 மெகாபைட் என்று கொண்டாலும், 32 ஜிகாபைட் பென்டிரைவில் ஏறத்தாழ 3000 படங்கள் அடங்கும். பந்தல் அலங்காரத்துக்குச் செலவாகும் தொகையோடு வைத்துப் பார்க்க அதன் விலை பேசத்தக்கதன்று.

2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகளும், நாம் கொடுக்கும் அளவையே காத்துவைக்க இயலும். ஆகவே, ஆலய வண்ணக்கர்மாரும் நிர்வாக சபையாரும் படப்பிடிப்புக்குப் பணம் பேசும்போதே, அலங்கரித்த அல்பத்தோடு கமெராவிலிருந்து வந்த கோப்புகளையும் அளவு குறையாமல் இரண்டு பிரதிகளாகத் தரவேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குவார்களாக.